முகவரிப் பட்டியலை வரைபடப் புள்ளிகளாக்குவது: ஜிஐஎஸ் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

ஜிஐஎஸ் (கணினியில் வரைபடத் தரவைக் கையாளும் துறை) படித்துவிட்டு வேலைக்குச் சேர்பவர்களிடம் முதலில் வந்து விழுவது பெரும்பாலும் ஒரு எக்செல் கோப்பு. வாடிக்கையாளர் பட்டியலோ, ரேஷன் கடைப் பட்டியலோ, டீலர் பட்டியலோ, அதில் சில ஆயிரம் முகவரிகள் இருக்கும். “இதை மேப்ல போட்டுக் கொடுத்துடுங்க, ரெண்டு நாள் போதும்ல?” என்பார்கள். போதாது. ஏன் போதாது என்பதை வேலை தருபவரிடம் எப்படிச் சொல்வது, எங்கெல்லாம் மாட்டிக்கொள்வோம், எவ்வளவு செலவாகும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. தட்டுத் தடுமாறித் தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். உதாரணங்கள் எல்லாம் சென்னை, தமிழ்நாட்டு முகவரிகள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முகவரியை அட்சரேகை, தீர்க்கரேகைப் புள்ளியாக மாற்றித் தரும் ஜியோகோடிங் சேவைகள் ‘தெரியாது’ என்று சொல்வது குறைவு. வீடு கிடைக்காவிட்டால் தெரு, தெரு கிடைக்காவிட்டால் பகுதி, அதுவும் இல்லையென்றால் பின்கோட்டின் நடுப்புள்ளி என்று எதையாவது கொடுத்துவிடும். வரைபடத்தில் எல்லாப் புள்ளியும் ஒரே மாதிரிதான் தெரியும். எது வீடு, எது பின்கோடு என்று பிரித்துச் சொல்வதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

1. ஒப்புக்கொள்வதற்கு முன் எழுத்தில் வாங்க வேண்டியவை

வாட்ஸ்அப்பில் “சரி சார்” என்று சொல்லிவிட்டு ஆரம்பிக்காதீர்கள். ஒரு மின்னஞ்சலாவது வேண்டும். அதில் இவை இருக்கட்டும்:

மொத்தம் எத்தனை வரிகள், எந்த மொழியில். புள்ளி எவ்வளவு துல்லியமாக வேண்டும்: வீட்டு வாசலா, தெருவா, பகுதி போதுமா. எதற்காக இந்த வேலை. டெலிவரி வண்டி போவதற்கு என்றால் வாசல் வேண்டும். எந்த வட்டாரத்தில் எத்தனை வாடிக்கையாளர் என்று பார்ப்பதற்கு என்றால் பின்கோடு அளவே போதும், செலவும் பல மடங்கு குறையும். இந்தக் கேள்வியைக் கேட்காமல் வாசல் அளவுக்கு மெனக்கெட்டுவிட்டுப் பிறகு பார்த்தால், அவர்கள் மாவட்டவாரியாக வண்ணம் பூசிய ஒரு படத்தைத்தான் கேட்டிருப்பார்கள்.

அடுத்து, கிடைத்த அட்சரேகை, தீர்க்கரேகையை அவர்கள் நிரந்தரமாகச் சேமித்து வைக்கப் போகிறார்களா, எந்த வரைபடத்தின் மேல் காட்டப் போகிறார்கள். இது சின்னக் கேள்வி மாதிரி தெரியும். எந்தச் சேவையைப் பயன்படுத்தலாம் என்பதையே இதுதான் முடிவு செய்கிறது. 4-ஆம் படியில் வருகிறேன்.

கூலியை ‘ஒரு முகவரிக்கு இவ்வளவு’ என்று மட்டும் பேசினால் நஷ்டம் உங்களுக்குத்தான். சுத்தமான பட்டியலும் குப்பையான பட்டியலும் ஒரே விலைக்குப் போய்விடும். சுத்தம் செய்வதற்கு நாள் கணக்கு, தானாக ஓட்டுவதற்கு வரிக் கணக்கு, கையால் தேடுவதற்குத் தனி விலை என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். சேவைக் கட்டணத்தை வாடிக்கையாளரே தன் கணக்கிலிருந்து கட்டட்டும். உங்கள் கிரெடிட் கார்டைக் கொடுக்காதீர்கள்.

2. கோப்பைத் திறக்கும்போதே கெட்டுப்போகும்

சிஎஸ்வி கோப்பை (பத்திகளைக் காற்புள்ளியால் பிரித்த சாதாரண எழுத்துக் கோப்பு) இரட்டைக் கிளிக் செய்து எக்செல்லில் திறந்தால், 12/5 என்ற கதவு எண் 12-மே என்ற தேதியாகிவிடும். 12/45 என்று இருந்தால் 45-ஆம் வருட டிசம்பர் என்று எடுத்துக்கொள்ளும். அப்படியே சேமித்தால் பழைய எண் போனது போனதுதான். எக்செல்லில் ‘டேட்டா’ பட்டியலில் உள்ள ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ வழியாகத் திறந்து, எல்லாப் பத்திகளையும் ‘டெக்ஸ்ட்’ வகையாக மாற்றுங்கள். லிப்ரே ஆஃபீஸ் கால்க் இன்னும் சுலபம். திறக்கும்போதே பத்தி வகையை அதுவே கேட்கும்.

வாடிக்கையாளர் தரும் கோப்பே ஏற்கெனவே கெட்டிருக்கலாம். கதவு எண் பத்தியில் மாதப் பெயர் தெரிந்தாலோ, 45789 போன்ற ஐந்து இலக்க எண்கள் தெரிந்தாலோ அது எக்செல் தேதியை எண்ணாக்கி வைத்திருப்பது. மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். அவர்கள் “அதான் மூலக் கோப்பு” என்பார்கள். பில் போடும் மென்பொருளிலிருந்து நேராக ஏற்றுமதி செய்த கோப்பு என்று தெளிவாகக் கேட்டால் கிடைக்கும்.

தமிழ் முகவரி என்றால் இரண்டு தொல்லை. சிஎஸ்வியைச் சேமிக்கும்போது ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்ற வகையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். அடுத்தது, வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பட்டியல்கள். அவர்கள் கணினியில் தமிழாகத் தெரியும், உங்கள் கணினியில் ஆங்கிலக் கிறுக்கலாக இருக்கும். முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். அதற்கான மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் மாற்றிய பிறகு சில பத்து வரிகளையாவது கண்ணால் படித்துப் பாருங்கள். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் மாறியிருக்கும்.

3. முகவரியைச் சுத்தம் செய்தல்

வேலையின் பெரும்பங்கு இங்கேதான். அவசரப்பட்டு இதைத் தாண்டினால் பின்னால் மூன்று மடங்கு நேரம் போகும்.

முதலில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு அடையாள எண் கொடுங்கள். மூல முகவரிப் பத்தியைத் தொடவே கூடாது. பக்கத்தில் புதிய பத்திகள் போடுங்கள்: கதவு எண், தெரு, பகுதி, ஊர், மாவட்டம், பின்கோடு, அடையாளக் குறிப்பு. வாடிக்கையாளரின் பெயர், கைபேசி எண் இருக்கும் பத்திகளைத் தனிக் கோப்பில் எடுத்து வைத்துவிடுங்கள். ஜியோகோடிங் சேவைக்குப் போக வேண்டியது அடையாள எண்ணும் முகவரியும் மட்டும். பெயரோடு சேர்ந்த முகவரி தனிப்பட்ட தரவு. 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்குப் பொருந்தும். தேவையில்லாததை வெளி சர்வருக்கு அனுப்பாமலிருப்பது உங்களுக்குத்தான் பாதுகாப்பு.

இனி, நம் ஊர் முகவரிக்கே உரிய பொறிகள்.

*பழைய எண், புதிய எண்.* சென்னையில் ஒரே வீட்டுக்கு இரண்டு எண் இருப்பது சாதாரணம். ‘புதிய எண் 14, பழைய எண் 37’ என்று எழுதியிருந்தால் பிரச்சினை இல்லை. ‘14/37’ என்று மட்டும் இருந்தால் எது எது என்று சொல்ல முடியாது; முதலில் புதியதை எழுதுபவரும் உண்டு, பழையதை எழுதுபவரும் உண்டு. போதாக்குறைக்கு சாய்கோட்டுக்குப் பின் வருவது ஃபிளாட் எண்ணாகவும் இருக்கலாம். தெளிவாகத் தெரிந்தால் புதிய எண்ணை மட்டும் அனுப்புங்கள். தெரியாவிட்டால் எண்ணையே விட்டுவிட்டுத் தெரு அளவில் நிறுத்துங்கள். தப்பான வீட்டைக் காட்டுவதைவிடச் சரியான தெருவைக் காட்டுவது மேல்.

*பெயர் மாறிய சாலைகள்.* மவுண்ட் ரோடு என்றால் அண்ணா சாலை. பூந்தமல்லி நெடுஞ்சாலை என்றால் பெரியார் ஈ.வெ.ரா. சாலை. லாயிட்ஸ் ரோடு என்றால் அவ்வை சண்முகம் சாலை. ஓஎம்ஆர் என்றால் ராஜீவ் காந்தி சாலை. ஒரு பட்டியலில் நாலு விதமாகவும் வரும். உங்களுக்கென்று ஒரு மாற்றுப் பெயர் அட்டவணை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வேலையிலும் அதை வளர்த்துக்கொண்டே போங்கள். சில வருடம் கழித்து அதுதான் உங்கள் சொத்து.

*எழுத்துக்கூட்டல்.* திருவான்மியூரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று ஒரு பட்டியலைத் திறந்து பார்த்தால் தெரியும். தூத்துக்குடிக்கும் திருவல்லிக்கேணிக்கும் ஆங்கிலேயர் காலப் பெயர் வேறு தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அரசாணை வெளியிட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. அந்தப் பட்டியலை இன்னும் யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். இந்த மாதிரி வேறுபாடுகளை ஒன்றுசேர்க்க ஓப்பன்ரிஃபைன் என்ற இலவசக் கருவி அருமையானது. ‘கிளஸ்டர்’ வசதியை அழுத்தினால் ஒரே ஊரின் பல வடிவங்களை அதுவே திரட்டிக் காட்டும், நீங்கள் ஒப்புதல் கொடுத்தால் போதும். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஒப்புதல் கொடுத்தால் மேற்குத் தாம்பரமும் கிழக்குத் தாம்பரமும் ஒன்றாகிவிடும்.

*ஒரே பெயரில் பல இடங்கள்.* கே.கே. நகர் சென்னையில் 600078, திருச்சியில் 620021, மதுரையில் 625020. அண்ணா நகர் இல்லாத ஊரே கிடையாது. பிள்ளையார் கோயில் தெருவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஊரும் பின்கோடும் இல்லாத வரியை ஓட்டாதீர்கள். அதைத் தனியாக எடுத்து வாடிக்கையாளரிடமே திருப்பிக் கேளுங்கள்.

*பின்கோடு.* ஆறு இலக்கம் இருக்கிறதா, தமிழ்நாட்டு முகவரி என்றால் 60 முதல் 64-க்குள் தொடங்குகிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து, அரசின் திறந்த தரவுத் தளத்தில் கிடைக்கும் அகில இந்தியப் பின்கோடு அட்டவணையோடு ஒப்பிட்டு, முகவரியில் உள்ள பகுதியும் பின்கோடும் பொருந்துகிறதா என்று பாருங்கள். 600004 என்று போட்டு வேளச்சேரி என்று எழுதியிருந்தால் இரண்டில் ஒன்று தப்பு, ஏனென்றால் 600004 மயிலாப்பூர், வேளச்சேரி 600042.

*மாவட்டம்.* 2019-இலும் 2020-இலும் தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு, மயிலாடுதுறை என்று புதிய மாவட்டங்கள் வந்தன. பழைய பட்டியல்களில் தாம்பரம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கும். மாவட்டப் பெயரோடு சேர்த்து அனுப்பினால் சில சேவைகள் குழம்பும். பின்கோடு சரியாக இருந்தால் மாவட்டத்தை அனுப்பாமல் விடலாம்.

*‘எதிரில்’, ‘அருகில்’, ‘பின்புறம்’.* இவற்றை அடையாளக் குறிப்புப் பத்திக்கு மாற்றுங்கள். ‘பேருந்து நிலையம் எதிரில்’ என்று அனுப்பினால் புள்ளி பேருந்து நிலையத்திலேயே போய் உட்கார்ந்துவிடும். கையால் தேடும்போது மட்டும் இந்தக் குறிப்பு தங்கம்.

*சர்வே எண்.* கிராமப்புற முகவரிகளிலும் புது லேஅவுட்டுகளிலும் தெருவே இருக்காது, ‘சர்வே எண் 112/3பி’ என்று மட்டும் இருக்கும். எந்தப் பொது ஜியோகோடரும் இதைப் புரிந்துகொள்ளாது. கிராமப் புல வரைபடத்தைப் பார்த்துக் கையால்தான் வைக்க வேண்டும். இப்படி எத்தனை வரி இருக்கிறது என்று ஆரம்பத்திலேயே எண்ணி, தனி விலை பேசுங்கள்.

4. எந்தச் சேவை: செலவும் நிபந்தனையும்

புதியவர்கள் விலையை மட்டும் பார்ப்பார்கள். நிபந்தனையை முதலில் படியுங்கள்.

*நாமினாட்டிம்.* தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத் தரவின் மேல் ஓடும் இலவசச் சேவை. பொது சர்வரில் ஒரு வினாடிக்கு அதிகபட்சம் ஒரு கோரிக்கை, உங்கள் செயலியை அடையாளம் காட்டும் பெயரோடு, ஒரே கணினியிலிருந்து, ஒரே வரிசையில்தான் அனுப்ப வேண்டும். பெரிய மொத்த வேலைகளுக்கு அது இல்லை என்று அவர்களே சொல்கிறார்கள். எப்போதாவது செய்யும் சிறிய பட்டியலுக்குப் பரவாயில்லை. மீறினால் தடை விழும், அலுவலகம் முழுவதும் ஒரே இணைய இணைப்பு என்றால் எல்லோருக்கும் சேர்த்து விழும். முடிவுகளைச் சேமித்து வைக்கலாம், ஆனால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள் என்று நன்றி குறிப்பிட வேண்டும். அதன் உரிமத்தில் தரவைப் பகிர்வது பற்றிய நிபந்தனைகளும் உண்டு, வாடிக்கையாளருக்குச் சொல்லிவிடுங்கள். நம் ஊரில் தெருக்கள் ஓரளவு நன்றாகவே இருக்கின்றன, கதவு எண்கள் மிகக் குறைவு. ஆகவே தெரு அளவுக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

*கூகுள்.* நம் ஊர் முகவரிகளுக்கு அதிகம் கண்டுபிடிப்பது இதுதான் என்பது என் அனுபவம். ஆனால் இரண்டு பெரிய நிபந்தனைகள். கிடைத்த அட்சரேகை, தீர்க்கரேகையை 30 நாளுக்கு மேல் சேமித்து வைக்கக் கூடாது. இட அடையாளக் குறியீட்டை (‘ப்ளேஸ் ஐடி’) மட்டும் எவ்வளவு காலமும் வைத்துக்கொள்ளலாம். வரைபடத்தில் காட்டுவதென்றால் கூகுள் வரைபடத்தின் மேல்தான் காட்ட வேண்டும். வாடிக்கையாளர் தன் தரவுத்தளத்தில் நிரந்தரமாக வைத்துக்கொள்ளப் போகிறார் என்றால் இது ஒத்துவராது. “எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க” என்பார்கள். பண்ணுகிறார்கள்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது நீங்கள் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

செலவு: பழைய யூடியூப் வீடியோக்களில் மாதம் 200 டாலர் இலவசம் என்று சொல்வார்கள். அது 2025 பிப்ரவரியோடு முடிந்துவிட்டது. இப்போது ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி மாதாந்திர இலவச அளவு. இந்தியாவில் பில்லிங் முகவரி இருப்பவர்களுக்கு 2024 ஆகஸ்ட் முதல் உலக விலையைவிடக் குறைவான தனி விலைப்பட்டியல் இருக்கிறது. வேலையை ஒப்புக்கொள்ளும் அன்று அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்து, மதிப்பீட்டில் தேதியோடு எழுதுங்கள்.

இன்னொரு பொறி: கூகுள் கிளவுடில் ‘பட்ஜெட்’ வைத்தால் செலவு அங்கே நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது. எச்சரிக்கை மின்னஞ்சல் மட்டும் வரும். ஓட்டம் நிற்க வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு இத்தனை கோரிக்கை என்று ‘கோட்டா’ வரம்பைக் குறைத்து வையுங்கள். ஏபிஐ சாவியையும் (உங்கள் நிரல் சேவையை அழைக்கப் பயன்படுத்தும் ரகசியக் குறியீடு) ஜியோகோடிங்குக்கு மட்டும் என்று கட்டுப்படுத்துங்கள்.

*சேமிக்க அனுமதிக்கும் கட்டணச் சேவைகள்.* ஓப்பன்கேஜ் முடிவுகளை நிரந்தரமாக வைத்துக்கொள்ள விடுகிறது. சோதனைக்கு நாளொன்றுக்கு 2,500 கோரிக்கை இலவசம். மேப்பாக்ஸில் ‘நிரந்தர’ வகை என்று தனியாக இருக்கிறது, விலையும் தனி. ஆர்க்ஜிஐஎஸ் என்ற கட்டண வரைபட மென்பொருள் வைத்திருக்கும் அலுவலகம் என்றால் அதன் கிரெடிட்டுகளில் கழியும், மேலதிகாரியைக் கேட்காமல் ‘ரன்’ பொத்தானை அழுத்த வேண்டாம். மேப்மைஇண்டியாவின் மேப்பிள்ஸ் இந்திய முகவரிகளுக்கென்றே உருவானது, நிறுவனக் கணக்காகப் பேசி விலை கேட்கலாம்.

*சொந்த சர்வர்.* பல லட்சம் வரிகள், அல்லது வெளியே அனுப்பவே கூடாத தரவு என்றால், ஜியோஃபேப்ரிக் தளத்தில் கிடைக்கும் இந்தியத் தென் மண்டலத் தரவை இறக்கி, நாமினாட்டிமை உங்கள் கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம். வினாடிக்கு ஒன்று என்ற கட்டுப்பாடு போய்விடும். நிறுவுவதற்கு லினக்ஸ் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது.

*டிஜிபின்.* 2025 மே மாதம் அஞ்சல் துறை கொண்டுவந்த பத்து எழுத்துக் குறியீடு. நாடு முழுவதையும் சுமார் 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு. “டிஜிபின் போட்டுக் கொடுங்க, ஜியோகோடிங் வேண்டாம்” என்று இப்போது கேட்கிறார்கள். டிஜிபின் முகவரியைப் படிக்காது. அட்சரேகை, தீர்க்கரேகை தெரிந்தால் அதைக் குறியீடாக மாற்றும், அவ்வளவுதான். புள்ளி தப்பு என்றால் டிஜிபினும் தப்பு.

5. முதலில் 100 வரி

முழுப் பட்டியலையும் ஓட்டுவதற்கு முன், குலுக்கல் முறையில் 100 வரி எடுத்து ஓட்டிப் பாருங்கள். மேலிருந்து 100 எடுத்தால் எல்லாம் ஒரே பகுதியாக இருக்கும். அந்த நூற்றில் எத்தனை வாசல், எத்தனை தெரு, எத்தனை பகுதி, எத்தனை கிடைக்கவில்லை என்று எண்ணி வாடிக்கையாளருக்கு அனுப்புங்கள். மொத்தச் செலவு, நேரம், எதிர்பார்ப்பு எல்லாம் இந்த ஒரு பக்கத்தில் தெளிவாகிவிடும். விலையைத் திருத்திப் பேசுவதற்கும் இதுதான் சரியான சமயம். முடித்த பிறகு யாரும் பேச மாட்டார்கள்.

6. ஓட்டுவது

நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கு கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருள் போதும். அதன் செயலாக்கக் கருவிப் பெட்டியிலேயே நாமினாட்டிம் மொத்த ஜியோகோடர் இருக்கிறது. வேகக் கட்டுப்பாட்டை அதுவே பார்த்துக்கொள்ளும். பைத்தான் தெரிந்தவர்கள் ஜியோபை நூலகத்தையும் அதன் ‘ரேட்லிமிட்டர்’ வசதியையும் பயன்படுத்துங்கள். நாடு இந்தியா என்று கட்டுப்படுத்த மறக்காதீர்கள்.

வினாடிக்கு ஒன்று என்றால் 3,000 வரிக்குக் குறைந்தது 50 நிமிடம். இணையம் இடையில் அறுந்தால் முதலிலிருந்து ஓட்ட வேண்டி வராமல், சில நூறு வரிக்கு ஒருமுறை கோப்பில் எழுதிவிடுங்கள். ஒரே முகவரி பல வரிகளில் இருந்தால் ஒருமுறை மட்டும் கேட்டுவிட்டு மற்ற வரிகளில் நிரப்புங்கள். கட்டணச் சேவை என்றால் இதிலேயே நல்ல தொகை மிச்சம். அட்சரேகையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போடாதீர்கள். திரும்பி வந்த முகவரி வாசகம், பொருத்த வகை, ஓட்டிய தேதி, சேவையின் பெயர் எல்லாம் பத்திகளாக வேண்டும்.

7. வந்த புள்ளிகளைச் சந்தேகப்படுவது

கூகுள் முடிவில் ‘லொக்கேஷன் டைப்’ என்று ஒன்று வரும். ‘ரூஃப்டாப்’ என்றால் கட்டடம். ‘ரேஞ்ச் இன்டர்பொலேட்டட்’ என்றால் இரண்டு எண்களுக்கு நடுவே கணக்குப் போட்டு வைத்தது. ‘ஜியோமெட்ரிக் சென்டர்’ என்றால் தெருவின் அல்லது பகுதியின் நடு. ‘அப்ராக்ஸிமேட்’ என்றால் சுமாராக. கூடவே ‘பார்ஷியல் மேட்ச்’ என்று வந்திருந்தால் நீங்கள் கேட்டதில் ஒரு பகுதியை அது விட்டுவிட்டது என்று அர்த்தம். அப்போது ரூஃப்டாப் என்று இருந்தாலும் நம்பாதீர்கள்.

நாமினாட்டிமில் ‘இம்பார்ட்டன்ஸ்’ என்ற ஒரு எண் வரும். அதைத் துல்லிய மதிப்பெண் என்று நினைத்து 0.5-க்கு மேல் சரி என்று வடிகட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த எண் அந்த இடம் எவ்வளவு பிரபலம் என்பதைச் சொல்வது. உங்கள் முகவரியோடு பொருந்தியதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. என்ன வகைப் பொருள் திரும்பி வந்தது, வீடா, சாலையா, ஊரா என்பதைப் பாருங்கள்.

எந்தச் சேவையானாலும் அதன் சொற்களை உங்கள் நாலு வகையாக மாற்றி ஒரு பத்தியில் போடுங்கள்: வாசல், தெரு, பகுதி, பின்கோடு. அப்புறம் இந்தச் சோதனைகள்:

எல்லைக்குள் இருக்கிறதா? தமிழ்நாடு ஏறக்குறைய வடக்கு 8 முதல் 13.6 பாகை, கிழக்கு 76.2 முதல் 80.4 பாகைக்குள் அடங்கும். வெளியே விழுந்தவை எல்லாம் தப்பு. அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருந்தால் சென்னைப் புள்ளிகள் வட துருவத்துக்குப் பக்கத்தில் ஸ்வால்பார்ட் தீவுகளை ஒட்டிப் போய் நிற்கும். 0, 0 என்று காலியாக இருந்தவை ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கடலில் குவியும்.

ஒரே புள்ளியில் எத்தனை வரிகள்? ஒரே அட்சரேகை, தீர்க்கரேகையில் நாற்பது முகவரி நின்றால், ஒன்று அது பெரிய அடுக்குமாடி, இல்லை பின்கோட்டின் நடுப்புள்ளி. தெருப் பெயர்கள் வெவ்வேறாக இருந்தால் பின்கோடுதான். இந்தச் சோதனை ஒரே ஒரு எண்ணிக்கைக் கணக்கு, அரை நிமிட வேலை, ஆனால் அதிகத் தவறுகளைப் பிடிப்பது இதுதான்.

திரும்பி வந்த பின்கோடும் நீங்கள் அனுப்பிய பின்கோடும் ஒன்றா? இல்லையென்றால் தனியாக எடுத்து வையுங்கள். அடுத்தடுத்த பின்கோடு என்றால் எல்லைத் தெருவாக இருக்கலாம். முற்றிலும் வேறு என்றால் வேறு ஊர்.

தூரம் அளப்பதென்றால் பாகையில் அளக்காதீர்கள். சேவைகள் தருவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற பாகை முறை, அதாவது ஈபிஎஸ்ஜி 4326 (ஒவ்வொரு அளவு முறைக்கும் இப்படி ஒரு ஈபிஎஸ்ஜி எண் உண்டு). அதில் 500 என்று பஃபர் (புள்ளியைச் சுற்றி வட்டம்) போட்டால் 500 மீட்டர் வராது, 500 பாகை வரும். மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறைக்கு மாற்றிவிட்டு அளங்கள்: சென்னை, மதுரை, திருச்சிக்கு 44 வடக்கு மண்டலம், ஈபிஎஸ்ஜி 32644. கோவை, ஈரோடு 78 பாகைக்கு மேற்கே இருப்பதால் 43 வடக்கு, ஈபிஎஸ்ஜி 32643. மாநிலம் முழுவதற்குமான பட்டியலில் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள்.

தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் என்றாலே ஒரு மீட்டர் அளவு வந்துவிடும். எட்டு இலக்கம் கொடுத்தால் துல்லியம் கூடாது, பார்ப்பவருக்குத் தப்பான நம்பிக்கைதான் கூடும். ஆறோடு நிறுத்துங்கள்.

8. மிச்சத்தைக் கையால்

கிடைக்காதவை, சந்தேகத்துக்குரியவை எல்லாம் இங்கே வரும். ஒரு முகவரிக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தாலே 600 முகவரிக்கு 20 மணி நேரம். ஆகவே எது முக்கியம் என்று வாடிக்கையாளரைக் கேட்டு வரிசைப்படுத்துங்கள். பின்கோடு வாரியாகப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தால் வேகம் கூடும். ஒரு பகுதியின் தெருக்கள் கொஞ்ச நேரத்தில் மனப்பாடமாகிவிடும். ஒரு முகவரிக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் பகுதி அளவில் வைத்துவிட்டு நகருங்கள்.

களத்தில் போய்ப் பார்க்க வாய்ப்பு இருந்தால் கியூஃபீல்ட் செயலியைக் கைபேசியில் போட்டு எடுத்துப் போகலாம். திறந்த வெளியில் கைபேசி ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் துல்லியம் தரும், ஜார்ஜ் டவுன் மாதிரி நெருக்கமான சந்துகளில் அதை எதிர்பார்க்க முடியாது. போகும் இடத்தில் யாராவது எதற்கு என்று கேட்பார்கள். வேலை தந்த நிறுவனத்தின் அனுமதிக் கடிதம் ஒன்று கையில் இருக்கட்டும். சட்டப்படி, 2021 பிப்ரவரியில் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல்களுக்குப் பிறகு, இந்திய நிறுவனங்கள் இந்த மாதிரி வரைபட வேலைக்கு முன் அனுமதி வாங்கத் தேவையில்லை. தடை செய்யப்பட்ட பாதுகாப்புப் பகுதிகள் வேறு விஷயம்.

9. ஒப்படைக்கும் கோப்புகள்

ஷேப்ஃபைல் என்ற பழைய வரைபடக் கோப்பு வகையைக் கேட்பார்கள். அதில் பத்திப் பெயர் பத்து எழுத்துக்கு மேல் போகாது, தமிழும் அடிக்கடி சிதையும். அதற்குப் பதிலாக வந்த ஜியோபேக்கேஜும் யூடிஎஃப்-8 சிஎஸ்வியும் கொடுங்கள், மேலாளர் கூகுள் எர்த்தில் பார்ப்பதற்கு ஒரு கேஎம்எல். கூடவே ஒரு பக்கக் குறிப்பு: எந்தச் சேவை, எந்தத் தேதியில் ஓட்டியது, நாலு வகையில் எத்தனை வரிகள், எந்த ஈபிஎஸ்ஜி, சேமிப்பு நிபந்தனை என்ன. வரைபடத்திலும் வாசல் வகையை ஒரு நிறத்திலும் பின்கோடு வகையை வெளிறிய நிறத்திலும் காட்டுங்கள். எல்லாவற்றையும் ஒரே சிவப்புப் புள்ளியாகக் கொடுத்தால், அதைப் பார்த்துக் கிளை திறக்கக் கிளம்பிவிடுவார்கள்.

10. பில், வரி, முடித்துக் கட்டுவது

தனியாக வேலை செய்பவர் என்றால் பான் எண்ணும் வங்கிக் கணக்கும் போதும், தொடங்கிவிடலாம். சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டும் வரை ஜிஎஸ்டி பதிவு தமிழ்நாட்டில் கட்டாயமில்லை. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு முழுக்க இலவசம். அரசுத் தளம் மாதிரியே வடிவமைத்துக் கட்டணம் கேட்கும் தளங்கள் தேடலில் முதலில் வரும், ஏமாறாதீர்கள். நிறுவனங்கள் டிடிஎஸ் (முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி) பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். பிடித்த தொகை வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று காலாண்டுக்கு ஒருமுறை பாருங்கள், ஏறாவிட்டால் உடனே கேளுங்கள். ஆண்டு முடிந்த பிறகு கேட்டால் கணக்காளர் மாறியிருப்பார்.

முன்பணமாக மூன்றில் ஒரு பங்கு, 100 வரி முன்னோட்டம் ஒப்புக்கொண்டதும் ஒரு பங்கு, ஒப்படைத்ததும் மீதி என்று பிரிப்பது எனக்கு ஒத்துவந்தது. திருத்தம் கேட்க 15 நாள் என்று முதல் மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள். அந்த 15 நாளும் முடிந்து பணமும் வந்தபின், பெயரும் கைபேசி எண்ணும் இருந்த தனிக் கோப்பை அழித்துவிட்டு, அழித்ததாக ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.